சோடாபுட்டி

செலியமேட்டில் எங்கள் தெருப் பையன் ஒருவனைச் ‘சோடாபுட்டி’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நானும்தான்.

வில்லியம் கோல்டிங் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ (1954) நாவலை இந்த வாரம் மறுபடி படித்தேன். ஆளில்லாத தீவில் சிக்கிய சிறுவர்கள். கூட்டத்தில் சங்கைக் கையில் வைத்திருப்பவனுக்கே பேச உரிமை. தீ மூட்டுவது ஒரு குண்டுப் பையனின் மூக்குக்கண்ணாடியால். பிறகு அந்தக் கண்ணாடியைத் திருடுகிறார்கள். பாறையை உருட்டி அவனையே கொல்கிறார்கள். சங்கும் நொறுங்குகிறது.

அவனுக்குப் பட்டப்பெயர் ‘பிக்கி’, அதாவது பன்றிக்குட்டி. நிஜப் பெயர் என்னவென்று யாரும் கேட்கவே இல்லை. பாறையைவிட அதுதான் எனக்கு வலித்தது.

நேற்று சோடாபுட்டியை நிறுத்தி, “உன் பேர் என்னப்பா?” என்றேன்.

சைக்கிளிலிருந்து இறங்காமலே முறைத்தான். “எதுக்கு சார்?”