இரண்டாவது கிடார்

ஹெவி மெட்டலைத் தமிழில் என்னவென்று எழுதுவது? மொழிபெயர்த்துப் பிழைக்கிறவளுக்கு இப்படியும் சில சங்கடங்கள். ‘கன உலோகம்’ என்று போட்டால் கொச்சிவாசிகளுக்கு ஏலூர் ஆலைகளும் பெரியாற்றில் செத்து மிதக்கும் மீன்களும்தான் நினைவுக்கு வரும். ஹெவி மெட்டலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். மட்டாஞ்சேரி இளசுகள் யாரும் என் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.

மட்டாஞ்சேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மிளகும் சுக்கும் யூதர் தெருவும். உள்ளூர்க்காரர்களுக்குப் பாட்டு. மெஹபூப் பாடித் திரிந்த ஊர். உம்பாயி மலையாளத்தில் கஜல் பாடிய ஊர். கொங்கணி பஜனையும் கவாலியும் சர்ச் கொயரும் கூப்பிடு தூரத்தில் நடக்கிற இடத்தில் எலெக்ட்ரிக் கிடார் உறுமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொச்சிக்கு அது புதிதுமல்ல. ‘13 ஏ.டி.’ குழு 1970களின் கடைசியிலேயே இங்கே ராக் வாசித்தது. 1996ல் ‘மதர்ஜேன்’ வந்தது. அதன் கிடார்காரர் பைஜூ தர்மஜன் கர்நாடக சங்கீதத்தின் கமகங்களை எலெக்ட்ரிக் கிடாரில் கொண்டுவந்தார். 2008ல் வெளியான ‘மக்தூப்’ ஆல்பத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த இழுப்பு பர்மிங்ஹாமில் கற்றதல்ல.

எங்கள் சந்தில் ஒரு பையன். பகலில் மசாலாக் கிடங்கில் கணக்கு எழுதுகிறான், ராத்திரியில் கிடார். இப்போது இரண்டாவது கிடார் வேண்டுமாம். அம்மா கட்டிவரும் சீட்டு முதிர்கிறது. அதே பணத்தை நம்பித்தான் தங்கையின் நர்ஸிங் படிப்பும் இருக்கிறது. “ஒரு வீணை இருக்கிற வீட்டிலே இன்னொரு வீணை வாங்குவாங்களாக்கா? நீங்களே அவனுக்குச் சொல்லுங்க” என்று என்னிடம் வந்தார் அந்த அம்மா.

நியாயமான கேள்வி. பையன்கள் பெரும்பாலும் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. போஸ்டரைக் காட்டுகிறார்கள்.

பதில் இருக்கிறது. டோனி அயோமியில் ஆரம்பிக்கலாம். பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, 17 வயதில், இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடதுகைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரலுறை செய்துகொண்டார். மெல்லிய கம்பிகளைப் போட்டார். பிறகு, 1971ல் ‘பிளாக் சாபத்’தின் மூன்றாவது ஆல்பத்தில், சுருதியையே இறக்கிவிட்டார். நம் கணக்கில் சொன்னால் மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு. கம்பி தளர்ந்தது, விரல் வலி குறைந்தது, ஒலியில் கனம் ஏறியது. பின்னால் வந்த மெட்டல்காரர்கள் விரல் நன்றாக இருந்தும் சுருதியை இறக்கினார்கள்.

இரண்டாவது கிடாரின் தேவை இங்கேதான் வருகிறது. சுருதியை இறக்கினால் கம்பி தொய்ந்து கட்டைகளில் உரசி நறநறக்கும். அதற்குத் தடித்த கம்பி போட வேண்டும். தடித்த கம்பி போட்டால் கழுத்தின் வளைவு, கம்பியின் உயரம் எல்லாவற்றையும் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். பாட்டுக்குப் பாட்டு செய்கிற காரியமா இது? வீணைக்காரர் ஒரே சுருதியில் கச்சேரியை முடித்துவிடுவார். மெட்டல் குழு ஒரே மாலையில் இரண்டு சுருதியில் வாசிக்கும். பையனின் குழுவும் அப்படித்தான். அம்மாவிடம் சொன்னேன். பாதி சமாதானம் ஆனார்.

அப்படியானால் இரண்டாவது கிடார் முதலாவதன் தம்பியாக இருக்கக்கூடாது. பையனிடம் இருப்பது மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்த சாதாரண ரகம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அது அப்படியே பிடித்துக்கொள்ளும். டிஸ்டார்ஷனை ஏற்றினால் பாட்டைவிட ரீங்காரம் பெரிதாகக் கேட்கும். இதற்கு மருந்தை 1955ல் கிப்ஸன் கம்பெனியின் ஸெத் லவர் கண்டுபிடித்தார். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிரெதிராக வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். ஹம்பக்கர் என்று பெயர். மெட்டலுக்கு அதுதான் வேண்டும். சுருதி மாற்றம் தேவைப்படாதவர்கள் பழைய கிடாரிலேயே பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரைப் பொருத்திக்கொள்ளலாம். செலவு மிச்சம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

அடுத்தது பிரிட்ஜ். ஃபிளாய்ட் ரோஸ் வகை மிதக்கும் பிரிட்ஜில் பையன்களுக்குத் தனி மோகம். குண்டு விழுவது போல, குதிரை கனைப்பது போல எல்லாம் சத்தம் எழுப்பலாம். ஆனால் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும். சுருதியை இறக்க வேண்டுமென்றால் பின்புறம் திறந்து ஸ்ப்ரிங்குகளோடு மல்லுக்கட்ட வேண்டும். போதாததற்கு அதன் நுண்ணிய திருகுகளும் கத்திமுனைகளும் எஃகு. காயலும் கடலும் சூழ்ந்த மட்டாஞ்சேரியில் ஜன்னல் கம்பியே உப்புக்காற்றில் உதிர்கிறது. அசையாத பிரிட்ஜ் போதும் என்பது என் கட்சி. ‘வி’ வடிவக் கிடார் பற்றியும் ஒரு வார்த்தை. கிப்ஸன் அதை 1958ல் கொண்டுவந்தது. மேடையில் அழகு. உட்கார்ந்து வாசித்தால் தொடையிலிருந்து வழுக்கும். படகில் நெரிசல் நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு எர்ணாகுளம் போய்வந்தால் தெரியும் சேதி.

கம்பியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். ஃபெண்டர் மரபில் 25.5 அங்குலம், கிப்ஸனில் 24.75. முக்கால் அங்குலம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் இறக்கிய சுருதியில் நீளக் கம்பிதான் இறுக்கம் குறையாமல் நிற்கும். பைஜூ மாதிரி இழுத்து கமகம் பிடிக்க ஆசைப்பட்டால் குட்டையானது கைக்கு இதம். இரண்டையும் ஒரே கிடாரில் கேட்கக்கூடாது.

விரல்பலகையில் இருக்கிறது நம் ஊர் சங்கதி. உலகின் எத்தனையோ கிடார்களுக்கு விரல்பலகையாகிற இந்திய ரோஸ்வுட் வேறொன்றுமல்ல, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். பிரேசில் ரோஸ்வுட் 1992ல் சர்வதேச வணிகத் தடைக்குள் போனது. ஈட்டிக்கு இன்னும் கிராக்கி. 2017ல் ஈட்டி இனத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019ல் விலக்கு கொடுத்தார்கள். வயநாட்டில் முட்டில் கிராமத்து ஈட்டி மரங்களை வெட்டிக் கடத்திய விவகாரம் 2021ல் கேரளத்தையே கலக்கியது. இங்கிருந்து போன மரம் அயல்நாட்டு முத்திரையோடு திரும்பி வரும்போது விலையைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது.

நர்ஸிங் கட்டணத்தைத் தனியே எடுத்து வைத்தாகிவிட்டது. அதில் பையனே பிடிவாதமாக இருந்தான். மிச்சத்தில் கைமாறிய கிடார்தான் வரும். தப்பில்லை, பார்த்து வாங்கினால். கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 12ஆம் கட்டையில் அழுத்திய ஸ்வரம் திறந்த கம்பிக்குச் சரியான மேல் ஸ்தாயியாக ஒலிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் டிஸ்டார்ஷனை முழுக்க ஏற்றி, கம்பிகளை உள்ளங்கையால் மூடிவிட்டு, ஒன்றும் வாசிக்காமல் கேட்க வேண்டும். அந்த மௌனத்தில்தான் பிக்கப்பின் யோக்கியதை தெரியும். 9 வோல்ட் பாட்டரியில் ஓடும் பிக்கப் என்றால், வாசிக்காத நேரத்தில் கேபிளைப் பிடுங்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டரி தீர்ந்துவிடும், பெரும்பாலும் மேடையில். ஜூன், ஜூலையில் கிடாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டியில் ஸிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சமரசத்துக்குத் தயாராக இல்லை. இங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில் எர்த் இணைப்பு கிடையாது, இருந்தாலும் துருப்பிடித்துப் போயிருக்கும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகி ஆம்ப்ளிஃபயரை ஓட்டுகிறார்கள். கிடாரின் கம்பியோ ஆம்ப்ளிஃபயரின் உடலோடு இணைந்திருக்கிறது. ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிடார்காரர் லெஸ்லி ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்ஸி மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு எல்லோர் கண் முன்னாலும் இறந்து போனார். கையில் கிடார் இருந்தது.

பையனின் வீட்டில் அடுத்த வாரம் எலெக்ட்ரீஷியன் வருகிறார். கிடார் அதற்குப் பிறகு.