வாசகர், பீடப்பணியாளர், உபதேசியார் பணிகளுக்குப் பெண்களைப் பரிந்துரைக்குமாறு கோரும் மனு

அனுப்புநர்: பங்கு மாதர் சங்கம், கண்டி மலைப்பகுதித் தோட்டப் பிரிவுகள்

பெறுநர்: வணக்கத்திற்குரிய பங்குத்தந்தை அவர்களும் பங்கு மேய்ப்புப்பணிச் சபையினரும்

விடயம்: திருச்சபைச் சட்டம் 230, முதலாம் பிரிவு. முன்னர் அனுப்பிய மடல்கள் தொடர்பாக.

வணக்கத்திற்குரிய தந்தையே, சபை அங்கத்தவர்களே,

இப்பங்கின் தோட்டச் சிற்றாலயங்களைச் சேர்ந்த, திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் பெற்ற பெண்கள் சார்பில் இதைச் சமர்ப்பிக்கிறோம்.

முதலாவது கோரிக்கை

இதே கோரிக்கையை ஏற்கனவே எழுத்தில் தந்திருக்கிறோம். கிடைத்தது என்று ஒரு வரிகூட வராததால், எழுதியவற்றை மீண்டும் எழுதுகிறோம்.

2021 ஜனவரி 10ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் ‘ஸ்பிரித்துஸ் தோமினி’ என்ற மடலால் திருச்சபைச் சட்டம் 230இன் முதலாம் பிரிவைத் திருத்தினார். அதுவரை வாசகர், பீடப்பணியாளர் ஆகிய நிலையான பணிகள் ஆண் பொதுநிலையினருக்கு மட்டும் உரியவை. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இப்பணிகளைப் பொதுநிலையினருக்குத் திறந்தபோதும் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் அப்படியே வைத்துக்கொண்டது. 2021இல் ‘ஆண்’ என்ற அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதே ஆண்டு மே 10ஆம் திகதி ‘அந்திகுவும் மினிஸ்தேரியும்’ என்ற மடலால் உபதேசியார் பணியும் நிலையான திருப்பணியாக நிறுவப்பட்டது. அதுவும் இருபாலாருக்கும் உரியது. 2022 ஜனவரி 23ஆம் திகதி, இறைவார்த்தை ஞாயிறன்று, புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தையே பெண்களுக்கு வாசகர், உபதேசியார் பணிகளை வழங்கினார். சட்டம் மாறிய ஆண்டிலேயே எமது முதல் மடல் உங்கள் கைக்கு வந்தது. அதில் இந்த விபரங்களில் பெரும்பகுதி உண்டு. பேராலயத்தில் நடந்ததை, அதற்கடுத்த தவக்காலத்தில் தந்த மடலில் சேர்த்தோம்.

சபைக் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட மறுப்புகள் மூன்று. அவற்றுக்கு எழுத்தில் பதில் தருகிறோம்.

“இப்போதும் பெண்கள் வாசிக்கிறார்கள்தானே, சடங்கு எதற்கு?” என்றீர்கள். வாசிக்கிறோம், உண்மை. மேற்பிரிவுச் சிற்றாலயங்களுக்கு மாதம் ஒருமுறைதான் திருப்பலி. மற்ற ஞாயிறுகளில் சிற்றாலயத்தைத் திறப்பதும், வாசகங்களை வாசிப்பதும், செபத்தை நடத்துவதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்வதும் பெண்கள். லயத்தில் மரணம் நேர்ந்தால் இரவு முழுவதும் செபமாலை சொல்பவர்களும் அவர்களே. கொழுந்து நிறுத்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு பிள்ளைகளை முதல் நன்மைக்குத் தயார்செய்யப் போகிறவர்கள் இவர்கள். ஆனால் வாசிப்பதற்கும் செபத்தை நடத்துவதற்கும் எமக்கு இருப்பது 230ஆம் சட்டத்தின் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளின் கீழ் வரும் தற்காலிக அனுமதி. தேவைக்கு அழைத்து, தேவை முடிந்ததும் விலக்க முடியும். அப்படித்தான் நடந்தது. எமது சிற்றாலயம் ஒன்றில் நடந்த சென்ற உறுதிப்பூசுதல் திருப்பலியில், ஆண்டுக்கணக்காக அந்தச் சிற்றாலயத்தில் வாசித்துவந்த பெண்ணைப் பின் வாங்கில் இருக்கச் சொல்லி, டவுனிலிருந்து வந்த ஓர் இளைஞனிடம் வாசகநூல் கொடுக்கப்பட்டது. அவனிடம் எமக்கு மனக்குறை இல்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் படித்த பிள்ளைகளே அன்று உறுதிப்பூசுதல் பெற்றார்கள். அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலையான பணி வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

“பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று புனித பவுல் எழுதியிருக்கிறார்” என்றீர்கள். அந்த வசனம் வரும் அதே கொரிந்தியர் முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண்கள் சபையில் செபிப்பதையும் இறைவாக்குரைப்பதையும் ஏற்றுக்கொண்டே பவுல் ஒழுங்கு சொல்கிறார். உரோமையர் திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கெங்கிரேயாச் சபையின் திருத்தொண்டர் பெபேயாவை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். பிரிஸ்காவை உடனுழைப்பாளர் என்கிறார். யூனியாவையும் அங்கே வாழ்த்துகிறார். பிரிஸ்காவும் அவர் கணவர் அக்கிலாவும்தான் கல்விமான் அப்பொல்லோவுக்கு நெறியை விளக்கினார்கள். உயிர்த்த ஆண்டவரின் செய்தியைச் சீடரிடம் கொண்டுபோனவர் மகதலா மரியா; 2016இல் அவருடைய நினைவு நாள் விழாவாக உயர்த்தப்பட்டது. ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை பெயர்களைக் கடந்துபோவது மறைநூலுக்குச் செய்யும் நியாயமாகாது.

“இன்று வாசகர், நாளை குருத்துவமா?” என்றும் கேட்கப்பட்டது. 1994 மே 22ஆம் திகதிய மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குருத்துவம் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். ‘ஸ்பிரித்துஸ் தோமினி’ பேசும் பணிகள் திருமுழுக்கையும் உறுதிப்பூசுதலையும் அடிப்படையாகக் கொண்டவை, திருநிலைப்பாட்டிலிருந்து வேறானவை. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் பெண்கள் குருக்களாகவே பணியாற்றுவதை நாம் அறிவோம். அவர்கள் மீது எமக்கு மதிப்புண்டு. இம்மனுவில் கேட்பது எமது சொந்தச் சட்டத்தில் எழுதியிருப்பதை மட்டுமே.

வயதையும் தகைமையையும் வரையறுப்பது ஆயர் பேரவை. பணியை வழங்குவது ஆயர். இரண்டும் உங்கள் அதிகாரத்தில் இல்லை என்பது எமக்குத் தெரியும். பெயர்களை மேலே அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் தயாரித்த பட்டியலில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே உள்ளன. தகுதியானவர்களை ஆயர் தெரிவுசெய்யட்டும். அவர் பார்க்கும் பட்டியலில் எமது பெயர்களும் இருக்கட்டும்.

1984இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியில் ஆண், பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. துரைமாரின் செக்ரோல் ஏற்றுக்கொண்ட சமத்துவத்தைப் பங்கின் பெயர்ப்பட்டியல் ஏற்க மறுப்பது எமக்கு வேதனை தருகிறது. பொதுநிலையினரின் பணி இத்தீவுக்குப் புதிதுமல்ல. 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை வெளியேற்றியபின், 1687இல் யோசப் வாஸ் அடிகள் கரையிறங்கும்வரை இத்தீவின் விசுவாசம் வீட்டுச் செபத்தில்தான் தங்கியிருந்தது. 1711இல் கண்டியில் உயிர்நீத்த அந்தப் புனிதரை 2015இல் கொழும்பில் பீடமேற்றிய அதே திருத்தந்தைதான் 230ஆம் சட்டத்தையும் திருத்தினார்.

ஏனைய கோரிக்கைகள்

2. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில், 2016ஆம் ஆண்டு ஆணைப்படி பெண்களையும் சேர்த்தல்.

3. 1994 முதல் உரோமை அனுமதித்துள்ளவாறு, பீடச் சிறார் குழுவில் சிறுமியரையும் சேர்த்தல்.

4. பங்கின் நிதிக்குழுவில் தோட்டப் பிரிவுப் பெண்களுக்கு இடமளித்தல்.

5. சபைக் கூட்டங்களைக் கொழுந்து நிறுவை முடியுமுன் கூட்டாதிருத்தல்.

6. யூலை 22ஆம் திகதி மகதலா மரியா விழாத் திருப்பலியை ஆண்டுதோறும் ஒரு தோட்டச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்தல்.

முதலாவது கோரிக்கைக்கான தீர்மானத்தை அடுத்த சபைக் கூட்டத்தின் அறிக்கையில் பதிந்து, அதன் பிரதியை எழுத்தில் தருமாறு வேண்டுகிறோம். மறுப்பதானால் எந்தச் சட்டப்பிரிவின் கீழ் மறுக்கிறீர்கள் என்பதையும் குறிப்பிடவும். பரிந்துரைக்கப்படவேண்டிய பெண்களின் பெயர்களும் அவர்களது மறைக்கல்விச் சான்றிதழ்களின் பிரதிகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்,
பங்கு மாதர் சங்கம்