மகள் படிக்கப் போகலாம். பேரப்பிள்ளைக்கு ஐசி உண்டா?

தோட்டப்புற மக்களே,

கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “மகளுக்கு இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்கேயே ஒருத்தரைக் கட்டிக்கொண்டு பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளைக்கு நம் ஐசி கிடைக்குமா தம்பி?”

செலவைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவரைப் பெற்றவர்கள் இருவரும் கடைசிவரை சிவப்பு ஐசியோடு கொழுந்து பறித்துச் செத்தவர்கள். வேறு எதைக் கேட்பார்?

பழைய சட்டப்படி, வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால், தகப்பன் இங்கே பிறந்த மலேசியர் என்றால் தானாகவே குடியுரிமை. தாய் மட்டும் மலேசியர் என்றால் விண்ணப்பம் போட்டு, அரசாங்கத்தின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அண்ணன் பிள்ளைக்கு இருந்தது, தங்கை பிள்ளைக்கு இல்லாமல் போனது. அரசியலமைப்பில் இருந்த ‘தகப்பன்’ என்ற ஒரே சொல்தான் காரணம்.

ஆறு தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பர் 9-இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்ட் 5-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டுமே தாய்மார்கள் பக்கம் நின்றார். கடைசியில் 2024 அக்டோபர் 17-இல் மக்களவை 206 வாக்குகளோடு அரசியலமைப்புத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. தாய்க்கும் அந்த உரிமையைத் தரும் திருத்தம் அது.

பத்திரிகைகள் கொண்டாடின. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அதே திருத்தத்தின் இன்னொரு பகுதியை எத்தனை பேர் படித்தோம்? சிவப்பு ஐசிக்காரர்களுக்கு இந்த மண்ணில் பிறக்கும் பிள்ளைக்குத் தானாகவே கிடைத்து வந்த குடியுரிமையை அது எடுத்துவிட்டது. அன்றே இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால், என்னிடம் கேள்வி கேட்ட அந்த அம்மா குடிமகளே அல்ல. மகள் கையில் பாஸ்போர்ட்டும் சந்தேகம்தான். தேயிலைக் காட்டிலேயே மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்கு இதுதானா கூலி?

மகளைப் போகச் சொன்னேன். அங்கே பிள்ளை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன். திருத்தம் அமலாகும் முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. அவர்களுக்குப் பழையபடி விண்ணப்பம்தான். 18 வயது ஆகும்வரை காத்திருக்காதீர்கள்.

பிள்ளை பெறும் வயதில் இன்னும் சிவப்பு ஐசியோடு இருப்பவர்கள் பிறப்புப் பத்திரம், பெற்றோர் ஐசி, கல்யாணப் பதிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த மாதமே வந்து பாருங்கள். குடியுரிமை விண்ணப்பத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.