சுமைக்கேற்ற சுருள்வில்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விடியலில் காசிமேட்டிலிருந்து மீன் பெட்டிகளுடன் திருவொற்றியூருக்கு. விற்றபின் வெறும் வண்டியுடன் வீட்டுக்கு. என் தந்தையின் மோட்டார் சைக்கிள் ஒன்றே; ஓட்டமோ இருவகை. “ஷாக் அப்சார்பரையே மாற்றினால்தான் முதுகுவலி தீரும்” என்றார். பணத்துக்கு எங்கே போவது?

1950-களிலிருந்து புல்லட் உருவான ஊர் எங்கள் திருவொற்றியூர். ஆயினும், பல வண்டிகளின் பின்சக்கரச் சுருள்வில்லில் படிப்படியாகத் திருகும் வளையம் ஒன்று இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அப்பாவின் வண்டியில் அது என்றும் கடைசிப் படியிலேயே நின்றது.

இறுக்கினால் சுருள்வில் கடினமாகும் என்பது தவறு. ஹூக் விதியில் வரும் அதன் மாறிலி மாறுவதில்லை. முன்னதாகவே அழுந்தி நிற்பதால் சிறு பளுவுக்கு அசைய மறுக்கிறது. அந்த அதிர்ச்சி முதுகில் இறங்குகிறது. வளையத்தை இரு படி தளர்த்தினேன். செலவு ஒன்றுமில்லை.

காருக்கு விலையுயர்ந்த, திருகி மாற்றும் ஷாக் அப்சார்பர் தேடும் நண்பர்களே! மாறுவது சுமையா, வேகமா என்று முதலில் கேளுங்கள். சுமையெனில் சுருள்வில்லின் முன்னழுத்தத்தைக் கவனியுங்கள். வேகமெனில் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்த் தடையை. ஒருமுறை திருகிவிட்டு மறப்பவர்க்கு இரண்டுமே வீண் செலவென்பது என் கருத்து.

இப்போது மீன் இறங்கியதும் அப்பாவே வளையத்தைத் தளர்த்துகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது வீட்டுக்குப் பயன்பட்ட முதல் நாளும் அதுவே!