அக்டோபர் மழை புதிதல்ல

பத்து காவான் பக்கம் ஆறு மாதம் கழித்துப் போகிறவருக்கு வழியே தெரியாது. கரும்பும், பிறகு ரப்பரும் தென்னையும் செம்பனையும் நின்ற மண். ஆறுகள் சூழ்ந்து ஒரு காலத்தில் தனித் தீவாகவே இருந்த இடம். 2014 மார்ச் 1-ஆம் நாள் இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து அங்கே தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்தக் கட்டுமான இடங்களில் வேலை செய்கிறார்கள். வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டுச் சாவிக்காகக் காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. எனவே மழைக்காலத்தில் கட்டட வேலையை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்பது இன்ஜினியர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் விஷயம் அல்ல.

அந்தப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 24 கிலோமீட்டர் நீளம். 2004-இல் சுமத்திராவை உலுக்கிய நிலநடுக்கத்தைக் கண்ட பிறகு கட்டிய பாலம் என்பதால், நிலம் அதிர்ந்தாலும் தாங்கும்படி தூண்களுக்கு மேல் ரப்பர் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். நாம் வெட்டிய பால் வீண்போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்! எப்போதோ ஒருமுறை வரக்கூடிய நிலநடுக்கத்துக்கு இவ்வளவு முன்யோசனை இருக்கிறது. ஆனால் ஆண்டு தவறாமல் வரும் மழைக்கு?

பினாங்கில் நடந்ததைப் பாருங்கள். 2017 அக்டோபர் 21, சனிக்கிழமை காலை. தஞ்சோங் பூங்காவில் அடுக்குமாடி கட்டும் இடத்தில் மேட்டு மண் சரிந்து 11 பேர் மாண்டார்கள். மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையம், இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று சொன்னது. இரண்டு வாரம் கழித்து நவம்பர் 4, 5 தேதிகளில் புயல்மழை கொட்டி, தீவும் செபராங் பிறையும் வெள்ளத்தில் மிதந்தன. இவ்வளவும் பட்ட ஊரில் அடுத்த ஆண்டு என்ன நடந்தது? 2018 அக்டோபர் 19. அதே மாதம், ஏறக்குறைய அதே வாரம். பாயா தெருபோங் பகுதியில் புக்கிட் குக்குஸ் சாலை போடும் இடத்தில், பல நாள் மழைக்குப் பிறகு மலைச்சரிவு இடிந்து 9 தொழிலாளர்களை மூடியது. பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இரண்டு இடத்திலும் உயிரை விட்டவர்களில் பெரும்பாலோர் அவர்களே.

"மழை வந்திடுச்சுங்க, என்ன செய்யறது?" என்று சொல்வது சுலபம். பாயான் லெப்பாஸ் வானிலை நிலையத்தின் 1971 முதல் 2000 வரையான கணக்குப்படி, பினாங்கில் ஜனவரியில் சராசரியாகப் பெய்வது சுமார் 70 மில்லிமீட்டர். பிப்ரவரியிலும் அவ்வளவே. செப்டம்பரில் 350-ஐத் தாண்டுகிறது, அக்டோபரில் 380-ஐத் தொடுகிறது. அதாவது ஐந்து மடங்கு! முப்பது ஆண்டுகளாக எழுதி வைத்த கணக்கு இது. திடீரென்று வந்த விருந்தாளியா இந்த மழை?

மழைக்கணக்கைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. வெட்டிய பிறகு பெய்தால் பாலும் தண்ணீரும் கலந்து பாழ். "இன்னிக்கு வேலை இல்லை" என்று மண்டோர் சொன்ன நாள்களை வைத்தே எந்த மாதம் கை கடிக்கும் என்று நம் தாய்மார்கள் கணக்குப் போட்டார்கள், முன்கூட்டியே அரிசி பருப்பு வாங்கி வைத்தார்கள். கோடிக்கணக்கான வெள்ளி புரளும் குத்தகைகளில் இந்தக் கணக்கு ஏன் தப்புகிறது?

நாம் அறிந்தவரை, தப்புவது அறிவு இல்லாததால் அல்ல. குறைந்த நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிக் குத்தகையைப் பிடிக்கிறார்கள். அந்த நாள்கணக்கில் மழைநாளைக் கழிப்பதில்லை. பொதுப்பணித் துறையின் குத்தகைப் படிவம் என்ன சொல்கிறது? வழக்கத்துக்கு மீறிய கடும் வானிலை என்றால்தான் காலநீட்டிப்பு கேட்கலாம். வழக்கமான அக்டோபர் மழை அதில் சேராது. அதைக் குத்தகையாளரே முதலிலேயே எண்ணியிருக்க வேண்டும். எண்ணாதவர் என்ன செய்வார்? தாமத அபராதத்துக்குப் பயந்து மழை விட்டதும் விடாததுமாக ஆட்களைக் குழியில் இறக்குவார்.

முறையாகச் செய்கிறவர்கள் மண்வெட்டும் வேலையையும் அடித்தள வேலையையும் ஆண்டின் தொடக்கத்தில், வறண்ட மாதங்களில் வைத்துக்கொள்வார்கள். மேட்டை வெட்டும் முன்பே தண்ணீர் ஓட வடிகால் போடுவார்கள். வெட்டிய சரிவைத் திறந்தபடி விடாமல் மூடுவார்கள். செப்டம்பருக்குள் கூரை ஏறிவிட்டால் மழைக்காலத்தில் உள்வேலை பார்க்கலாம். இடத்திலேயே மழைமானி வைத்து, இத்தனை மில்லிமீட்டர் பெய்தால் வேலை நிறுத்தம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். அப்போதுதான் நிறுத்துவதா வேண்டாமா என்று மேற்பார்வையாளர் முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது. பத்து காவானில் கவலை வேறு விதம். பெரும்பகுதி தாழ்ந்த கடலோர நிலம். கடல் ஏறும் நேரத்தில் மழையும் பெய்தால் வடிகாலில் தண்ணீர் இறங்காது. சேற்று மண்ணில் தோண்டிய குழியின் கரை நனைந்தால் நிற்காது, பாரந்தூக்கியின் காலும் இறங்கும்.

வீடு வாங்கியவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சட்டத்தின்படியான விற்பனை ஒப்பந்தத்தில், தரைவீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கிறது. தாமதமானால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில் இழப்பீடு. 200,000 வெள்ளி வீடு என்றால் நாளொன்றுக்கு 54 வெள்ளிக்கு மேல் வரும். மேம்பாட்டாளர் மழையைக் காட்டினால் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

ஆட்களைத் தங்க வைக்கும் கொங்சி எங்கே நிற்கிறது என்பதும் திட்டத்தின் பாகம்தான். வெட்டிய மேட்டின் அடியில் அதை வைப்பது எந்த நியாயம்? தோட்டத்து லயங்களை மனத்தில் வைத்துப் பிறந்த 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், 2019 திருத்தத்துக்குப் பிறகு மற்றத் துறைகளுக்கும் விரிந்திருக்கிறது. நம்மவர்கள் பட்ட பாட்டின் பலன் இன்று கட்டட வேலைக்கு வந்த அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் கிடைக்கிறது.

இன்னொன்று, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருப்பது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஏ பிரிவு. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. ஈரமேட்டின் கீழ் நிற்கும் நம் பையனுக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பது தெரியுமா? இன்று இரவு சாப்பிட உட்காரும்போது சொல்லுங்கள். அவனோடு வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரரிடமும் மலாயில் எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள்.