பள்ளி மருத்துவ அட்டையில் ஒரு கட்டம்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் தாத்தா பாட்டிகளுக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால் அதே வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியின் பின்கழுத்தை யாரும் பார்ப்பதில்லை.

அங்கே வெல்வெட் துணிபோலத் தடித்துக் கருத்த பட்டை ஒன்று இருக்கும். கவரிங் செயின் போட்டதால் வந்தது என்பார் அம்மா. பயத்தமாவு போட்டுத் தேய்த்துவிடுவார். ஒழுங்காகக் குளிப்பதில்லையா என்று வகுப்பில் திட்டும் ஆசிரியர்களும் உண்டு (என் இனம்தான், அதனால் தெரியும்). எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பெரும்பாலும் அது ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம். மிகுந்த இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டிப் பெருக வைக்கிறது.

இன்சுலின் ஏன் மிகுகிறது? வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே வந்து கூடுகின்றன. காய்ச்சலும் வலியும் இல்லாத மெல்லிய அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அதில் சுரக்கும் வேதிப்பொருள்களால் தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குக் கட்டுப்பட மறுக்கின்றன. ஈடுகட்டக் கணையம் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. பூப்பெய்தும் வயதில் வளர்ச்சி ஹார்மோனின் வேகத்தால் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலினின் பிடி சற்றுத் தளரும். ஏற்கெனவே திணறும் உடம்புக்கு இது மேல்சுமை. பெண் பிள்ளைகளுக்கு அந்த இன்சுலின் சினைப்பையையும் சீண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. மாதவிடாய் தள்ளிப்போகும், மேலுதட்டில் முடி வளரும். இது பிசிஓடி என்ற சினைப்பைக் கோளாறு என்று மருத்துவர் சொல்லும்வரை வீட்டில் அவளுக்குக் கிடைப்பது கேலியும் மஞ்சளும்தான்.

ஒல்லிப் பிள்ளைகளுக்கு என்ன கவலை என்று உங்கள் அதிகாரிகள் கேட்கக்கூடும். புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை மருத்துவர் யாக்னிக் குழுவினர் அளந்து 2003இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கட்டும். அங்கே சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை வெகுவாகக் குறைந்திருந்தது, தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆக, எடை மெஷின் சொல்வதை மட்டும் நம்ப முடியாது. 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பள்ளி வயதுச் சிறாரிலும் வளரிளம் பருவத்தினரிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் நீரிழிவின் முன்னிலையில் இருந்தது தெரிந்தது.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழு உயரமும் எடையும் எப்படியும் எடுக்கிறது. அந்த அட்டையில் ‘பின்கழுத்து’ என்று ஒரு கட்டம் போடுங்கள். டெய்லர் டேப்பால் வயிற்றுச் சுற்றளவையும் எடுக்கட்டும். உயரத்தில் பாதியைத் தாண்டினால் குறித்துக்கொள்ளட்டும். குறி விழுந்த பிள்ளைகளை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ரத்தம் பார்த்தால் போதும். கருமை உள்ள எல்லோருக்கும் நீரிழிவு வந்துவிடாது. சாப்பாட்டையும் ஓட்டத்தையும் சரிசெய்தாலே பலர் மீள்வார்கள். ஒரு நிபந்தனை: வகுப்பு நடுவே நிறுத்தி அளக்கக் கூடாது. தனியறை வேண்டும், பெண் பிள்ளைகளுக்குப் பெண் செவிலியர் வேண்டும்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்ற 2020ஆம் ஆண்டு விதியையும் நினைவூட்டுகிறேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் உங்கள் துறையின் கீழ்தான் இருக்கிறார்கள். பி.டி. வகுப்பைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்ளும் கதையைக் கல்வி அமைச்சர் காதில் நீங்களே போட்டுவையுங்கள்.

அடுத்த கல்வியாண்டின் அட்டை அச்சுக்குப் போகும் முன், அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்க ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை