காமிரா ஏந்துமுன்

‘சபாரி’ என்பது சுவாஹிலி மொழியிற் பயணத்தைக் குறிக்குஞ் சொல்லாகும். முற்காலத்தில் அச்சொல்லைக் கேட்ட ஐரோப்பியர் துப்பாக்கியையே நினைத்தனர். 1905-ஆம் ஆண்டில் ஷில்லிங்ஸ் என்னும் ஜெர்மானியர், கிழக்கு ஆப்பிரிக்க விலங்குகளை இரவிற் செயற்கையொளி கொண்டு பிடித்த படங்களை நூலாக வெளியிட்டார். எனினும் அவர் கையிற் துப்பாக்கியும் இருந்தது. கென்யா தேசம் 1977-இல் வேட்டையை விலக்கிற்று. இன்று காமிராவே அங்குச் செல்வோரின் கருவி. ஆயினும், கருவி மாறியதுபோல் மனமும் மாறிற்றா என்பதே யாம் ஈண்டு எழுப்பும் வினா.

பயணத்திற்கு ஆயத்தஞ் செய்வோர் பொருள்களைப் பற்றி மிகக் கவலை கொள்கின்றனர். அது வேண்டுவதே. மஞ்சட் காய்ச்சலுக்குரிய ஊசியைப் பத்து நாட்களுக்கு முன்னரேனும் இட்டுக்கொள்ளல் வேண்டும். இன்றேல் தாய்நாடு திரும்புங்கால் இடர்ப்பட நேரும். நைரோபியிலிருந்து மாசாய் மாராவுக்குப் பறக்குஞ் சிறு விமானங்களிற் பெரும்பாலும் 15 கிலோ சுமைக்கே இடமுண்டு. ஆதலின் கனத்த முக்காலியை விடுத்து, வெறும் துணிப்பையொன்றைக் கொண்டுபோய், ஆங்கு அரிசியோ பயறோ நிரப்பி, வண்டியின் சன்னலில் வைத்து லென்ஸைத் தாங்குவித்தல் அறிவுடைமை. காட்டுமாட்டுக் கூட்டங்கள் மாரா நதியைக் கடப்பதைக் காண விழைவோர் ஜூலை முதல் அக்டோபர் வரையிலும், அவை கன்றீனுவதைக் காண விழைவோர் பிப்ரவரியில் தென் செரங்கெட்டியிலும் செல்லல் தகும்.

இவையெல்லாம் எளிதிற் கைகூடும். அரியது பொறுமையே. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு. வண்டிகள் அதனைச் சூழ்ந்துகொள்ளின் இரை தப்பும், குட்டிகள் பசித்திருக்கும். மாராவில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று, பயணிகள் மிகுந்த இடங்களிற் சிவிங்கிகள் வளர்த்தெடுக்கும் குட்டிகள் குறைவென 2018-இற் காட்டிற்று. ஒரு விலங்கினருகே ஐந்து வண்டிகட்குமேல் நிற்றலாகாது என ஆங்கு விதியுளது. எனினும், கூடுதற் பணந்தந்து ‘இன்னுஞ் சற்று அருகே’ எனச் சாரதியைத் தூண்டுவோர் இருக்கும்வரை விதி என் செய்யும்? பயணியின் மனம் நோகுமோ என்றஞ்சும் அவ்வேழைச் சாரதியின்மேற் பழி சுமத்தல் நீதியன்று, பழி கேட்டவருடையதே.

ஆகலின், புறப்படுமுன்னரே நம்முள் ஓர் உறுதி செய்துகொள்வோமாக. முதல்நாட் காலையிலேயே சாரதியிடம், ‘படம் கிட்டாவிடினும் குறையில்லை, விலங்கு வெருளாதவாறு நிறுத்துக’ என்று சொல்லிவிடல் வேண்டும். தவறிய படத்தை மற்றொருநாள் எடுக்கலாம். தாய் இழந்த குட்டியை எவர் மீட்டுத்தருவார்?